வேலியே பயிரை மேயுமா?

நோயிலிருந்து நம்மைக் காக்க வேண்டிய ரத்த அணுக்கள், நம் உடலையே தாக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! இந்தக் கேள்வியை ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டு வந்தவர் டாக்டர் பால் எர்லிக்.

சாயப் பித்து

இன்று போலந்தில் உள்ள ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில், 1854-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி யூதக் குடும்பம் ஒன்றில் எர்லிக் பிறந்தார். அப்போது அது பிரஷ்ய நாட்டு ஊர்.

மாணவப் பருவத்திலேயே சாயங்களின் மேல் அவருக்குத் தீராத மோகம். துணிக்கு ஏற்றும் சாயத்தை உடல் அணுக்களுக்கு ஏற்றிப் பார்த்தார். சில சாயங்கள் சில அணுக்களை மட்டுமே பற்றின. நோயை மட்டும் தேடிப் பிடிக்கும் மருந்தும் கிடைக்காதா என்ற ஆசை அவருக்குப் பிறந்தது.

1888-ல் காசநோய் அவரையே பிடித்தது. எகிப்துக்குச் சென்று உடல் தேறித் திரும்பினார்.

ஆடு சொன்ன பாடம்

1900-ம் ஆண்டு வாக்கில், பிராங்க்பர்ட் நகரில், மோர்கன்ராத் என்பவருடன் சேர்ந்து ஓர் ஆட்டுக்கு வேறு ஆட்டின் ரத்தத்தைச் செலுத்தினார். அந்த ரத்தத்தை அழிக்கும் எதிர்ப்புப் பொருள் உண்டாயிற்று. ஆனால், அது ஆட்டின் சொந்த ரத்தத்தைத் தொடவே இல்லை!

தன்னைத் தானே தாக்க உடல் அஞ்சுகிறது என்று எர்லிக் முடிவு கட்டினார். தாக்கவே முடியாது என்று அவர் கூறவில்லை. தாக்காதபடி தடுக்க உள்ளே ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது என்றே கருதினார்.

பெரியவர் வாக்கு

உலகம் முதல் பாதியை மட்டும் பிடித்துக் கொண்டது. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1910-ல், மேகநோய்க்கு அவர் கண்ட 606-ம் நம்பர் மருந்து வெளிவந்தது. அவர் வாக்கு வேதமாயிற்று. 1915 ஆகஸ்ட் 20-ந் தேதி அவர் காலமானார்.

குளிர் பட்டால் தன் சிவப்பணுக்களைத் தானே அழித்துக் கொள்ளும் நோயாளிகளை, வியன்னா மருத்துவர்கள் 1904-லேயே விளக்கியிருந்தனர். அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அரை நூற்றாண்டு வீணாகக் கழிந்தது!

1956-ல் அமெரிக்காவில் ரோஸ், விடெப்ஸ்கி ஆகியோர், முயலின் உடல் தன் தைராய்டு சுரப்பியையே தாக்குவதைக் காட்டினர். விடெப்ஸ்கி, எர்லிக்கின் சீடருக்குச் சீடர்!

மீண்டும் வேலி

எர்லிக் ஊகித்த அந்த ஏற்பாடும் அகப்பட்டது. தாக்கும் அணுக்களை அடக்கி வைக்கும் ஒருவகை வெள்ளை அணுக்களை, ஜப்பானிய விஞ்ஞானி சாககுச்சி 1995-ல் அடையாளம் காட்டினார். 2025-ல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இந்தக் காவல் அணுக்களையே மருந்தாக்கும் முயற்சிகள் நடக்கின்றன.

இன்னொரு வழியும் பிறந்திருக்கிறது. ஜெர்மனியில் எர்லாங்கன் நகர மருத்துவர்கள், லூபஸ் நோயாளிகள் ஐவரின் அணுக்களை வெளியே எடுத்தனர். எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும் அணுக்களை அழிக்குமாறு அவற்றைத் திருத்தி, அவரவர் உடலிலேயே செலுத்தினர். ஐவருக்கும் நோய் தணிந்து, மருந்தும் நிறுத்தப்பட்டதாக 2022-ல் அறிவித்தனர். அது நெடுநாள் நிலைக்குமா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் இத்தகைய சிகிச்சைச் சோதனைகளுக்கு அனுமதி தரும் அரசு நிலையத்தின் பெயர் என்ன தெரியுமா? பால் எர்லிக் நிலையம்!