முத்து விளைத்த மனிதர்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், அச்சங்குளம்)

முத்து என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது கொற்கைத் துறை. பொருநையாறு கடலோடு கலந்த அந்தத் துறையில் சிப்பி திறந்து முத்தெடுத்து, யவனர்க்கு விற்றுப் பொன் வாங்கியவர்கள் நம் முன்னோர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கு நடந்த முத்துக் குளிப்பைத் தம் பயண நூலில் விரிவாகக் குறித்து வைத்திருக்கிறார். அத்தகைய நாட்டில் பிறந்த நான், ஒரு முத்து மாலை வாங்கத் தெரியாமல் ஏமாந்தேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சுற்றுலாவாக நண்பர்களுடன் இராமேசுவரம் சென்றிருந்தேன். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்து சேர்த்த பணத்திலிருந்து வழிச்செலவுக்கு 500 ரூபாய் தந்திருந்தார். கடற்கரைக் கடையொன்றில் தொங்கிய வெள்ளை மாலையை அசல் கடல் முத்து என்றார்கள். 300 ரூபாய் கொடுத்து வாங்கினேன். என் பிள்ளை வாங்கி வந்தது என்று தெரு முழுவதும் காட்டினார் அம்மா. உறவுக்காரர் திருமணம் ஒன்றுக்கும் அணிந்து சென்றார். ஒரு மாதத்திற்குள் வியர்வை பட்ட இடமெல்லாம் தோல் உரிந்தது. சாத்தூரில் நகை வேலை செய்யும் பெரியவர் ஒருவர் ஒரு மணியைப் பல்லில் உரசிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் என்று சிரித்தார். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைத் துரத்தியது. உண்மை முத்து என்பது எது? விடை தேடி நூலகத்தில் புரட்டியபோது கிடைத்ததுதான் கோகிச்சி மிக்கிமோட்டோ என்னும் ஜப்பானியரின் வரலாறு. இன்று உலகில் எளியவர் வீட்டுப் பெண்ணும் ஒரு முத்தை அணிய முடிகிறது என்றால், அதற்கு முதற் காரணர் அவரே எனலாம்.

மாவுக் கடையில் பிறந்த மகன்

1858ஆம் ஆண்டு ஜப்பானின் கடலோர ஊராகிய தோபாவில் மிக்கிமோட்டோ பிறந்தார். குடும்பத் தொழில் செல்வத் தொழிலன்று. கோதுமை மாவைப் பிசைந்து, நூலாகத் திரித்து, வேகவைத்து விற்கும் சிறு கடை. தலைமகன் ஆனதால் சிறு வயதிலேயே குடும்பச் சுமை தோளில் ஏறியது. இரவில் கடை வேலை. பகலில் காய்கறி வியாபாரம்.

அவரிடம் ஒரு வேடிக்கைத் திறமை இருந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு கால்களால் குடையைச் சுழற்றுவார். துறைமுகத்துக்கு ஓர் ஆங்கிலக் கப்பல் வந்தபோது மற்ற வியாபாரிகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. இந்த இளைஞரோ தம் கால் வித்தையைக் காட்டி மாலுமிகளைச் சிரிக்க வைத்துக் கப்பலில் ஏறிச் சரக்கையும் விற்றுவிட்டார். முதுமையிலும் விருந்தினர் முன் இதே வித்தையைச் செய்து காட்டுவாராம். விளம்பரக் கலையை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை!

20 வயதில், 1878இல், தோக்கியோவையும் யோக்கஹாமாவையும் பார்த்து வந்தார். அங்கே தம் ஊர்க் கடலில் கிடைக்கும் முத்துகள், மருந்துக்கு உதவும் பொடி முத்துகள்கூட, நல்ல விலைக்குப் போவதைக் கண்டார். ஆனால் ஊருக்குத் திரும்பிப் பார்த்தால் கடலில் சிப்பியே அருகிக்கொண்டிருந்தது. விலை ஏற ஏற, வளராத சிப்பியையும் விடாமல் வாரினார்கள். எடுப்பதை மட்டுமே எண்ணி வளர்ப்பதை மறந்தால் கடலும் ஒருநாள் கைவிரிக்கும் என்பதை அவர் உணர்ந்தார். 1888இல் ஆகோ வளைகுடாவில் சிப்பி வளர்க்கத் தொடங்கினார்.

சிவந்த கடலும் சிறு முத்தும்

சிப்பியை வளர்த்தால் மட்டும் முத்து வந்துவிடாது. ஆயிரம் சிப்பி திறந்தாலும் ஒரு நல்ல முத்து கிடைப்பது அரிது. சிப்பியின் உடலுக்குள் ஏதேனும் ஒட்டுண்ணியோ வேறு பொருளோ புகுந்துவிட்டால், அதைச் சுற்றித் தன் ஓட்டின் உட்புறத்தில் பூசும் அதே பளபளப்புப் பொருளை அடுக்கடுக்காகப் பூசுகிறது. அதுவே முத்து. அப்படியானால் அந்தப் பொருளை மனிதனே உள்ளே வைத்தால் என்ன? 1890இல் தோக்கியோ பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் மிட்சுகுரி, இது முடியக்கூடியதே என்று அவருக்கு விளக்கினார். மாவுக் கடைக்காரரின் மகனுக்கு அந்த ஒரு நம்பிக்கை போதுமானதாக இருந்தது.

மணல், கண்ணாடி, ஓட்டுத் துண்டு என்று எதையெதையோ வைத்துப் பார்த்தார். சில சிப்பிகள் செத்தன. சில, வைத்ததைத் துப்பிவிட்டன. கடன் ஏறியது. ஊர் நகைத்தது. 1892இல் செங்கடல் நோய் வந்தது. கடலில் நுண்ணுயிர்கள் அளவின்றிப் பெருகி, நீரே செந்நிறமாகி, உயிர்களை மூச்சுமுட்டச் செய்யும் கொடுமை அது. ஆகோ வளைகுடாவில் அவர் வைத்திருந்த சிப்பிகள் அழிந்தன. தோபாவை அடுத்த சிறு தீவு ஒன்றில் வைத்திருந்தவை மட்டும் தப்பின.

இந்த நாட்களிலெல்லாம் உடன் நின்றவர் மனைவி உமே. 1893ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் அந்தத் தீவில் கணவனும் மனைவியும் சிப்பிகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு சிப்பியின் ஓட்டில் ஒட்டியபடி அரைவட்ட முத்து ஒன்று ஒளிர்ந்தது. முதலில் கண்டவர் உமே. 1896இல் அந்த முறைக்கு அரசின் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதே ஆண்டில் உமே இறந்தார். வயது 32. கணவரின் கடனில் பங்கு கொண்டவர், புகழில் பங்கு கொள்ள இருக்கவில்லை. மிக்கிமோட்டோவின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்ட இடம் இதுதான்.

அரை முத்து முழு முத்தாகாது. 1899இல் தோக்கியோவின் கின்சா வீதியில் கடை திறந்த பின்னும் அவர் முழு உருண்டையைத் தேடிக்கொண்டே இருந்தார். 1905இல் செங்கடல் நோய் மீண்டும் தாக்கியது. ஏறத்தாழ எட்டரை இலட்சம் சிப்பிகள் மடிந்தன. அழுகி நாறிய அந்தக் குவியலை அவர் அப்படியே கொட்டிவிடவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஐந்து முழு உருண்டை முத்துகள் கிடைத்தன!

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. முழு முத்துக்கு வழி கண்டவர் மிக்கிமோட்டோ ஒருவர் மட்டும் அல்லர். தட்சுஹெய் மிசே என்பவரும், மிக்கிமோட்டோவின் மருமகனாகிய தோக்கிச்சி நிஷிகாவாவும் தனித்தனியே அந்த நுட்பத்தைக் கண்டனர். ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த ஒரு சிறு உருண்டையையும், வேறொரு சிப்பியின் மேலுறைச் சதையில் ஒரு துணுக்கையும் சேர்த்துச் சிப்பியின் உடலுக்குள் வைப்பது அம்முறை. அந்தச் சதைத் துணுக்கு வளர்ந்து உருண்டையைச் சூழ்ந்து, அதன்மேல் முத்துப் பூச்சைப் பூசும். இன்றைய கடல் முத்து வளர்ப்புக்கு அடிப்படை இதுவே. அதைப் பெருந்தொழிலாக்கி உலகெங்கும் கொண்டு சென்ற பெருமை மிக்கிமோட்டோவினுடையது.

உலகமன்றத்தில் முத்து

அவருடைய முத்து இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றபோது அங்கிருந்த பெரு வணிகர்கள் திகைத்தனர். இவை போலி, ஏமாற்று என்று கூக்குரலிட்டனர். பாரிசில் வழக்கே நடந்தது. அறிவியலாளர்கள் ஆராய்ந்து பார்த்ததில், இரண்டையும் பூசியது சிப்பிதான், பூச்சும் ஒன்றுதான், வேற்றுமை உள்ளேயுள்ள கருவில் மட்டுமே என்று தெளிவாயிற்று. 1924இல் வழக்கு மிக்கிமோட்டோவுக்குச் சாதகமாக முடிந்தது. கடலில் தானே விளைந்தது இயற்கை முத்து. மனிதன் கருவிட்டுச் சிப்பி விளைத்தது வளர்ப்பு முத்து. இரண்டும் முத்தே, பெயரைச் சொல்லி விற்பதே நேர்மை.

1927இல் அமெரிக்கா சென்று தாமஸ் ஆல்வா எடிசனைச் சந்தித்தார். தம் ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாதவை வைரமும் முத்தும் என்று அந்த மேதை அவரைப் பாராட்டினாராம். உலகப் பெண்கள் எல்லோர் கழுத்திலும் முத்தை அணிவிக்க வேண்டும் என்பது மிக்கிமோட்டோவின் நெடுநாள் கனவு. ஆனால் மலிவு என்ற பெயரில் மட்டமான சரக்கு சந்தையில் பெருகியபோது அவர் ஒரு காரியம் செய்தார். 1932இல் கோபே நகரில், பலர் பார்க்க, தரங்குறைந்த முத்துகளைத் தீயிலிட்டுப் பொசுக்கினார். மருந்தும் நெருப்பும் அறிந்த நம் சிவகாசி வட்டாரத்தார்க்குச் சரக்கைப் பொசுக்குவது என்றால் எவ்வளவு நட்டம் என்று சொல்லத் தேவையில்லை. தரத்தின் பெயரைக் காக்க அவர் அந்த நட்டத்தை ஏற்றார்.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. வளர்ப்பு முத்தின் பெருக்கமும், 1930களின் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து, பாரசீக வளைகுடாவில் முத்துக் குளித்து வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பைப் பறித்தன. ஒருவன் கண்ட வழி மற்றொருவனின் வழியை அடைப்பதும் உலகில் உண்டு. வரலாறு படிப்போர் இரண்டையும் எழுத வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பானுக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்கள், ஊர் திரும்பும்போது தாய்க்கும் மனைவிக்கும் ஒரு முத்துச் சரம் வாங்கிச் செல்வது வழக்கமாயிற்று. உமே முதல் முத்தைக் கண்ட தீவு 1951 முதல் முத்துத் தீவு என்ற பெயருடன் பயணிகளை வரவேற்றது. 1954ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், 96ஆம் வயதில், மிக்கிமோட்டோ மறைந்தார்.

நம் கடல், நம் சிப்பி

இனி நம் கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் வளரும் சிப்பியும் ஜப்பானின் அக்கோயா சிப்பியும் மிக நெருங்கிய உறவுடையவை. நம் குளியாளிகள் கல்லைக் காலில் பற்றிக்கொண்டு மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கினார்கள். சுறாவை வாயடைக்க மந்திரம் சொல்லும் கடல்கட்டிகள் கரையில் நின்றார்கள். சிப்பிகளைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள். உள்ளே செல்வம் இருக்கிறதா, வெறும் சதை இருக்கிறதா என்பது வாங்கியவன் தலையெழுத்து. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெரிய முத்துக் குளிப்பு. அதன் பின் சிப்பி போதவில்லை.

1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர் கே. அழகர்சாமி, தூத்துக்குடியில் நம் சிப்பியிலேயே முழு உருண்டை வளர்ப்பு முத்தை விளைத்துக் காட்டினார். நம் ஊர்ப் பக்கம் ஓடும் வைப்பாறு கடலில் கலப்பதும் தூத்துக்குடிக்கு வடக்கே அதே மன்னார் வளைகுடாவில்தான். அறிவு இங்கே உண்டு; சிப்பி உண்டு; கடல் உண்டு. ஆயினும் ஜப்பானில் போல் அது பெருந்தொழிலாக இங்கே வேரூன்றவில்லை. விடாது நின்ற அந்த மாவுக் கடை மகனின் பொறுமையை நாம் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது.

சுற்றுலா செல்லும் நண்பர்களே, முத்து வாங்கினால் முதலில் கேளுங்கள்: இது இயற்கையா, வளர்ப்பா, செயற்கை மணியா? கேட்டதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல்லில் மெல்ல உரசினால் முத்து நறநறக்கும்; பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் வழுக்கும். இயற்கையா வளர்ப்பா என்பதை மட்டும் பல் சொல்லாது. அதற்கு ஊடுகதிர்ச் சோதனை வேண்டும். மாலையின் எல்லா மணியும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருந்தால் ஐயப்படுங்கள். துளை ஓரத்தில் பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். விலை மிகக் குறைவு என்றால் அது கடல் முத்தாக இருக்க வழியில்லை. நன்னீரில் வளர்த்த சீன முத்துகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவையும் முத்தே. அப்படியே சொல்லி விற்றால் வாங்குவதில் தவறில்லை. அழகுக்காகப் பிளாஸ்டிக் மணி வாங்குவதிலும் குற்றமில்லை. ஒன்றை மற்றொன்றாகச் சொல்வதே குற்றம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த அன்று, அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். உரிந்த அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். என் மனம் நோகும் என்று அவரும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அந்த மாலை இன்னும் அவர் பெட்டியில்தான் இருக்கிறது. படிப்பு முடிந்து, என் முதற் சம்பளத்தில் ஒரே ஒரு வளர்ப்பு முத்து வாங்கித் தருவேன். அது இன்ன முத்து என்று பெயர் சொல்லியே தருவேன்.