தொடுமுனையை ஆராய்ந்த தூயவர்: ஜகதீச சந்திர போஸ்

பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் ஊர் நெய்வேலி. 1962-இல் அங்கே தொடங்கிய மின் உற்பத்தியால் ஒளி பெற்ற ஊர்கள் எத்தனையோ! ஆயினும் அப்பேராற்றல் முழுவதும், ஒவ்வொரு சுவிட்சிலும் இரண்டு உலோக முனைகள் தொட்டுக்கொள்ளும் சின்னஞ்சிறு இடத்தைக் கடந்தே வரவேண்டும். அவ்விடத்தில் துருவோ அழுக்கோ படிந்தால் மின்தடை பெருகும்; சூடு ஏறும்; முனை கருகும். ஆகவேதான் செம்புக் கலவைப் பட்டையின்மேல் மெல்லிய வெள்ளிப் பட்டையை வைத்து, உருளைகளுக்கிடையே அழுத்திப் பிணைத்து, அதிலிருந்து தொடுமுனைகளை வெட்டி எடுக்கின்றனர்.

உலோகங்கள் தொடுமிடத்தில் நிகழ்வது என்ன என்று முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டவர். அதுவும் ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியர். அவரே ஜகதீச சந்திர போஸ்.

இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் 1858 நவம்பர் 30-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசின் உயர் அலுவலர்; எனினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் பயின்ற போஸ், மருத்துவம் கற்க லண்டன் சென்றார். உடல்நலம் இடங்கொடாமையால் கேம்பிரிட்ஜ் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் கற்றார். ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அவருக்குப் பதவி கிடைத்தது. ஆனால் ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்பது அந்நாளைய விதி. போஸ் வாதாடவில்லை, வகுப்பைப் புறக்கணிக்கவும் இல்லை. மூன்றாண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார்! இறுதியில் அரசு பணிந்தது. முழுச் சம்பளமும் நிலுவையோடு வந்தது. அதைக் கொண்டு தந்தையின் கடனை அடைத்தார்.

ஆராய்ச்சிக்குக் கிடைத்ததோ 24 சதுர அடி அறை! உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவரைப் பழக்கிக் கருவிகளைச் செய்தார். 1895-இல் கல்கத்தா நகர மன்றத்தில், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைச் சுவர் கடந்து செலுத்தி, மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார்.

அவ்வலைகளை உணர்ந்த கருவியின் உயிர்நிலை உலோகத் தொடுகையே. எஃகுச் சுருள் கம்பிகளை ஒரு பள்ளத்தில் அருகருகே அடுக்கி, திருகால் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் சீராக்கினார். அலை பட்டதும் தொடுமிடங்களின் மின்தடை குறையும். கால்வனாமீட்டர் முள் அசையும். ஆனால் வங்கத்தின் ஈரக்காற்றில் உலோகப் பரப்புத் துருவேற, கருவி மந்தமாயிற்று. அவர் சோர்ந்தாரா? இல்லை. ஒவ்வோர் உலோகமாக எடுத்துச் சோதித்தார். பெரும்பாலானவற்றில் தடை குறையப் பொட்டாசியத்தில் கூடியது கண்டு வியந்தார். இடையூறே ஆராய்ச்சியாயிற்று! அதன் முடிவுகள் 1899-இல் ராயல் சொசைட்டியில் வெளியாயின. பின்னர் கலீனா என்னும் ஈயத் தாதுவின் தொடுமுனையைக் கொண்டு அலைகளை உணரும் கருவி அமைத்தார். குறைகடத்திக் கருவிகளின் வரலாறு அதனை முன்னோடியாய்ப் போற்றுகிறது.

அறிவை விலை பேச அவர் மனம் ஒப்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904-இல் கிடைத்தும், அதனால் பொருளீட்ட முனையாமல் காலாவதியாக விட்டுவிட்டார். நாட்டுக்கு இது இழப்பே என்பாரும் உளர். தொழில்வளம் தேடும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய வாதம் அது. ஆயினும் அவர் தேடியது செல்வத்தை அன்று; உண்மையை.

1917-இல் தம் பிறந்த நாளன்று போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1920-இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-இல் கிரிடியில் மறைந்தார்.

கருவியில்லை, இடமில்லை என்று அரசுக் கல்லூரி மாணவர் நாம் குறை கூறுவதுண்டு. அக்குறைகள் களையப்பட வேண்டியவையே; கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஆனால் அவை வந்து சேரும்வரை கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. சிற்றறையும், ஒரு தகரவேலைக்காரரும், துருவேறிய கம்பியுமே போதுமென்று தொடங்கியவர் ஒருவர் இருந்தார். அவரும் அரசுக் கல்லூரியில்தான் இருந்தார்.