அடிமையாய் இருந்த தீவில் அவருக்குக் கிடைத்த நண்பர்கள்

மார்ச் 17 என்றதும் பச்சை நிறமும் மூவிலைச் செடியும் பலருக்கு நினைவுக்கு வரும். புனித பத்திரிசியார் அயர்லாந்திலிருந்து பாம்புகளை விரட்டினார் என்றும், மூன்று இலைகளைக் காட்டி மூவொரு கடவுளை விளக்கினார் என்றும் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருப்போம். நாங்களும் மறையுரைகளில் சொல்லியிருக்கிறோம். ஆனால் அவர் எழுதியவற்றில் இவை எதுவும் இல்லை. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் எழுதியவையாக நமக்குக் கிடைத்திருப்பவை இரண்டே. ஒன்று தம் வாழ்வைப் பற்றிய அறிக்கை, மற்றொன்று ஒரு கண்டனக் கடிதம். அவற்றிலிருந்து நாம் அறியும் பத்திரிசியார், நண்பர்களால் வாழ்ந்த ஒரு மனிதர்.

அவர் பிறந்தது அயர்லாந்தில் அன்று, பிரிட்டனில். தந்தை கல்போர்னியுஸ் திருத்தொண்டர், தாத்தா பொத்தீத்துஸ் குரு (மணமானவர்களும் குருக்களாக இருந்த காலம் அது). வசதியான வீடு. ஆனாலும் சிறுவனுக்குக் கடவுள்மீது அவ்வளவு நாட்டம் இல்லை. ஏறக்குறைய 16 வயதில் கொள்ளையர் அவரைப் பிடித்துக் கடல் கடந்து அயர்லாந்துக்குக் கொண்டுபோய் அடிமையாக்கினார்கள். அவரோடு பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

ஆறு ஆண்டுகள் ஆடு மேய்த்தார். பனியிலும் மழையிலும், காட்டிலும் மலையிலும் தனிமை. அங்கேதான் செபிக்கக் கற்றுக்கொண்டார். பகலில் நூறு செபங்கள், இரவில் ஏறக்குறைய அதே அளவு. அந்த மக்களின் மொழியும் அந்த ஆண்டுகளில்தான் அவர் நாவில் படிந்திருக்க வேண்டும். பின்னாளில் இலத்தீனில் எழுதும்போது தமக்கு அது சரளமாக வரவில்லை என்று வெட்கப்படுகிறார். அவர் வயதுப் பிள்ளைகள் பள்ளியில் இருந்த காலத்தில் இவர் மந்தையோடு இருந்தார்.

ஓர் இரவு கனவில் ஒரு குரல் கேட்டு, ஏறக்குறைய 200 மைல் நடந்து, முன்பின் தெரியாத துறைமுகத்தை அடைந்து கப்பலேறினார். சில ஆண்டுகள் கழித்து வீடு திரும்பியபோது உறவினர் மகனாக அணைத்துக்கொண்டார்கள். பட்டது போதும், இனி எங்களை விட்டு எங்கும் போகாதே என்று கெஞ்சினார்கள். எந்தப் பெற்றோர்தான் கெஞ்சமாட்டார்கள்?

ஆனால் மீண்டும் ஒரு கனவு. அயர்லாந்திலிருந்து விக்தோரிக்குஸ் என்பவர் எண்ணற்ற கடிதங்களோடு வருகிறார். ஒன்றைப் பிரிக்கும்போதே, மேற்குக் கடலோரம் வோக்ளூத் காட்டருகே வாழும் மக்களின் குரல் கேட்கிறது. அவர் வந்து தங்களிடையே மறுபடியும் நடமாட வேண்டும் என்று ஒரே குரலாய் அழைக்கிறார்கள். மேலே படிக்க முடியாமல் நெஞ்சு உடைந்து விழித்துக்கொண்டார். பகைவரின் நாடாக அல்ல, தாம் முன்பு நடந்து திரிந்த ஊராகவே அந்தத் தீவு அவரை அழைத்தது.

ஆயராகத் திரும்பினார். ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்கு அளித்தார், குருக்களைத் திருநிலைப்படுத்தினார். ஒரு செபம் சொன்னதும் தீவே மனம் மாறிவிட்டது என்பதுபோலச் சில கதைகள் உண்டு. அவர் சொல்வது வேறு. குறுநில மன்னர்களுக்குப் பரிசு கொடுத்தார். அவர்களுடைய மகன்களைக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் சென்றார். ஊர் ஊராய் நியாயம் தீர்ப்பவர்களுக்குப் பதினைந்து ஆள்களின் விலைக்குக் குறையாமல் கொடுத்ததாகக் கணக்கிடுகிறார். ஒருமுறை அவரையும் தோழர்களையும் பிடித்து, உடைமைகளைப் பறித்து, விலங்கிட்டார்கள். கொல்லவும் துணிந்தார்கள். பதினான்காம் நாள் விடுதலை கிடைத்தது, பறித்தவையும் திரும்பி வந்தன. கடவுளாலும், முன்கூட்டியே தேடிவைத்திருந்த நண்பர்களாலும் இது நடந்தது என்று அவரே எழுதுகிறார். கடவுளையும் நண்பர்களையும் ஒரே மூச்சில் சொல்லும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

தமக்கு அவர் எதையும் வாங்கவில்லை. பக்தியுள்ள பெண்கள் தங்கள் நகைகளைப் பீடத்தின்மேல் போட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர்களுக்குக் கோபம் வந்ததுண்டு. கன்னிமை வாழ்வைத் தேர்ந்துகொண்ட பெண்களுள் மிகுதியாகத் துன்புற்றவர்கள் அடிமைப் பெண்களே என்று தனியாகக் குறிப்பிடுகிறார். அடிமையாய் இருந்தவருக்கு அது கண்ணில் படாமல் போகுமா?

அவரைக் காயப்படுத்தியது பிறந்த நாட்டிலிருந்து வந்தது. பதினைந்து வயதளவில், ஒரே நாளில், அதுவும் ஒரு மணிப்பொழுதில் செய்த ஒரு பாவத்தை, திருத்தொண்டர் ஆவதற்கு முன் உயிர் நண்பர் ஒருவரிடம் மனம் திறந்து சொல்லியிருந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, பிரிட்டனில், பத்திரிசியார் இல்லாத இடத்தில், அதே நண்பர் அதை எல்லாருக்கும் முன் வெளிப்படுத்தினார். அவர்மீது வழக்காடியவர்களுக்கு அது ஆயுதமாயிற்று. தம்மை ஆயராக்க வேண்டுமென்று முன்பு பரிந்து பேசியவரே இப்படிச் செய்தாரே என்று முதுமையிலும் அந்த வலி ஆறாமல் எழுதுகிறார். அந்தப் பாவம் என்னவென்று நமக்குச் சொல்லவில்லை. நண்பரின் பெயரையும் சொல்லவில்லை.

கொரோத்திக்குஸ் என்ற தலைவனின் வீரர்களும் வந்தார்கள். கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டவர்கள். வெள்ளாடையில், நெற்றியில் கிறிஸ்மா எண்ணெய் காயாமல் நின்ற புது கிறிஸ்தவர்களைத் தாக்கிச் சிலரை வெட்டினார்கள், மற்றவரை அடிமைகளாகப் பிடித்துச் சென்றார்கள். மறுநாளே, தாம் சிறு வயதிலிருந்து வளர்த்துக் கற்பித்த ஒரு குருவிடம் கடிதம் கொடுத்தனுப்பி, பிடித்தவர்களை விடும்படி பத்திரிசியார் கேட்டார். சிரித்தார்கள். அதன்பிறகே அந்தக் கண்டனக் கடிதத்தை எழுதினார். அதில் ஓரிடத்தில், நாம் அயர்லாந்தார் என்பதுதான் அவர்களுக்கு இழிவாய்ப் படுகிறது என்ற பொருளில் குமுறுகிறார். அவர்கள் என்று எழுதியிருக்கலாம். பிரிட்டனில் பிறந்தவர், அந்தத் தீவில் ஆறு ஆண்டுகள் அடிமையாய்க் கிடந்தவர், நாம் என்று எழுதினார்.

பிறந்த ஊரையும் உறவினரையும், கோல் நாட்டுச் சகோதரர்களையும் போய்ப் பார்க்க அவருக்கு எவ்வளவோ ஆசை இருந்தது. அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் தொடங்கிய பணி வீணாகிவிடுமோ என்ற அச்சம் அவரைத் தடுத்தது. தம் அறிக்கையைத் தீவிலேயே இருந்து எழுதி முடித்தார்.