கோவிலை விட்டவர், மனச்சாட்சியை விடாதவர்

சாள்ஸ் டார்வின் என்றதும், மனிதனைக் குரங்கோடு சேர்த்தவர் அல்லவா என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அன்பான வாசகரே, அவருடைய வாழ்வைச் சற்று அறிந்தபின் தீர்ப்பிடுங்கள்.

1809ஆம் ஆண்டு மாசி மாதம் 12ஆம் திகதி இங்கிலாந்தின் சுறூஸ்பரி நகரில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். தந்தையார் அவரையும் வைத்தியராக்க விரும்பி எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத அந்நாளில் ஒரு குழந்தைக்கு நடந்த சத்திரசிகிச்சையைக் கண்டு தாங்கமாட்டாமல் வெளியே ஓடினார். பின்னர் அங்கிலிக்கன் சபைக் குருவாகும் நோக்குடன் கேம்பிறிட்ஜில் படித்தார்.

1831இல் 'பீகிள்' கப்பலில் புறப்பட்டு ஐந்தாண்டுகள் உலகைச் சுற்றினார். உயிரினங்களை மட்டுமல்ல, பிறேசிலில் அடிமைகளின் துயரையும் கண்டார். அடிமைப் பெண்களின் விரல்களை நசுக்கத் திருகாணி வைத்திருந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு எதிரே தங்கியதை அவர் மறக்கவில்லை. அடிமைமுறைக்குப் பரிந்து பேசிய கப்பல் தலைவருடன் வாதாடினார்.

1839இல் பக்தியுள்ள எம்மாவை மணந்தார். தம் விசுவாசச் சந்தேகங்களை மறைக்கும்படி தந்தையார் புத்தி சொல்லியும், மணப்பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். 1851இல் செல்லமகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். அந்தத் தகப்பனின் நெஞ்சில் மிஞ்சியிருந்த விசுவாசமும் தளர்ந்தது. கோவிலுக்குப் போவதை விட்டார். எனினும் தம்மை நாத்திகர் என்று அவர் சொல்லவில்லை. கடவுளைப் பற்றி அறுதியிட்டுக் கூற முடியாதவர் என்றே சொன்னார்.

ஆனால் அவருடைய நடத்தை கெட்டதா? இல்லை. தாம் வாழ்ந்த டவுண் கிராமத்து ஏழைகளின் சேமிப்புச் சங்கத்துக்குப் பல்லாண்டு தனாதிகாரியாக இருந்தார். ஊர்க் குருவானவரின் நண்பராயிருந்து தருமப் பணிகளுக்கு உதவினார்.

1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலையும், 1871இல் மனிதனின் தோற்றம் பற்றிய நூலையும் வெளியிட்டார். மிருகங்களிடமும் காணப்படும் கூடிவாழும் இயல்பே, அறிவு வளர்ந்தபோது மனச்சாட்சியாயிற்று என்பது அவர் கருத்து. நோயாளியையும் எளியவனையும் காப்பதால் இனம் நலிவுறலாம் என்று கருதினார். ஆயினும் அவர்களைக் கைவிட்டால் நம்மிடமுள்ள மேன்மையான குணமே கெட்டுவிடும் என்றார்.

இங்கேதான் சிந்திக்க வேண்டும். இரக்கம் எப்படி வளர்ந்தது என்று கூர்ப்புக் கொள்கை சொல்லலாம். நட்டம் வந்தாலும் இரங்கியே ஆகவேண்டும் என்னும் கட்டளை எங்கிருந்து வருகிறது? டார்வின் அக்கட்டளைக்குப் பணிந்தார். அதன் ஊற்றை அவரது கொள்கை காட்டவில்லை. வேதப்பிரமாணம் அறியாதோரின் இருதயத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறதென்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் புனித சின்னப்பர் போதிக்கிறார்.

1882இல் டார்வின் மறைந்தார். மரணப் படுக்கையில் மனந்திரும்பினார் என்று 1915இல் பரவிய கதையை அவர் மகளே மறுத்தார். பொய்க் கதையால் விசுவாசத்துக்குப் பெருமை சேராது.

மனித உடலின் தோற்றத்தை ஆராயத் தடையில்லை, ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்று 1950இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் தெளிவுபடுத்தினார். கூர்ப்பு வெறும் ஊகத்திலும் மேலானதென 1996இல் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் ஏற்றுக்கொண்டார். ஆகவே பெற்றோரே, பிள்ளை கூர்ப்புப் பாடத்தோடு வீடு வந்தால் அஞ்சாதீர்கள். கோவிலுக்குப் போகாதவரே அடிமைக்காகக் கொதித்தாரென்றால், நாள்தோறும் செபிக்கும் நம்மிடம் இறைவன் எவ்வளவு எதிர்பார்ப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.