அக்காவுக்காக வேலைக்குப் போன மேரி கியூரி



மேரி கியூரி என்றால் ரேடியம் கண்டுபிடித்தவர், இரண்டு நோபல் பரிசு வாங்கியவர் என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனா தன் அக்காவைப் படிக்க வைக்க அவர் வேலைக்குப் போனவர் என்று எனக்கு இந்த மாதம்தான் தெரிஞ்சது. அதைத்தான் இங்கே எழுதுறேன்.

அவருடைய சொந்தப் பெயர் மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா. வீட்டில் மான்யா என்று கூப்பிடுவாங்க. 1867 நவம்பர் 7-ஆம் தேதி, போலந்தின் பழைய நகரமான வார்சாவில், ஃப்ரேட்டா தெருவில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அம்மா அந்த வீட்டிலேயே பெண்கள் பள்ளி நடத்தினார். அப்பா கணக்கு, இயற்பியல் வாத்தியார்.

அப்போ போலந்து என்ற நாடே உலகப் படத்தில் கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணும் சேர்ந்து 1795-க்குள் அதைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. வார்சா ரஷ்யாவின் கையில் இருந்தது. பள்ளியில் ரஷ்ய மொழியில்தான் பாடம் நடத்தணும். மரியா படித்த பள்ளியில் போலந்து வரலாற்றை ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று மணி அடித்தால் புத்தகத்தை ஒளித்துவிட்டு, தையல் வேலை செய்வது போல உட்கார்ந்துகொள்வார்கள். தாய்மொழியில் படிக்கவே பயப்படணும்னா எவ்வளவு கஷ்டம்!

மரியாவுக்கு 10 வயதாக இருந்தபோது அம்மா காசநோயில் இறந்தார். அதற்கு முன்பே மூத்த அக்கா டைபஸ் காய்ச்சலில் இறந்திருந்தார். அந்தத் துக்கத்திலும் விடாமல் படித்து, 1883-இல் 15 வயதில் தங்கப் பதக்கத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தார்.

அதற்கு மேல் வழி இல்லை. வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் போலீசுக்குத் தெரியாமல், வீடு வீடாக இடம் மாற்றி நடந்த வகுப்புகளுக்கு மரியாவும் அக்கா ப்ரோன்யாவும் போனார்கள். அதுக்குப் பேரு பறக்கும் பல்கலைக்கழகம்!

ப்ரோன்யாவுக்கு டாக்டராகணும்னு ஆசை. பாரிசுக்குப் போனால் படிக்கலாம். ஆனா கையில் பணம் இல்லை. அப்போது இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். முதலில் அக்கா போய்ப் படிக்க வேண்டும், தங்கச்சி சம்பாதித்து அனுப்ப வேண்டும். அக்கா டாக்டரானதும் தங்கச்சியைப் படிக்க வைக்க வேண்டும்.

1886-இல் மரியா வார்சாவை விட்டுச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஒரு பணக்காரர் வீட்டில் தங்கி, அவங்க பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மூணு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். சம்பளத்தில் அக்காவுக்குப் பணம் அனுப்பினார். அந்த ஊர் ஏழைப் பிள்ளைகளுக்கு ரகசியமாகத் தாய்மொழி எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். ராத்திரியில் தானே கணக்கும் இயற்பியலும் படித்தார்.

ப்ரோன்யா வாக்குத் தவறவில்லை. தங்கச்சியைப் பாரிசுக்குக் கூப்பிட்டார். 1891-இல் மரியா போய்ச் சேர்ந்தார். 1893-இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலிடம் அவருக்குத்தான்! 1895-இல் பியர் கியூரியைத் திருமணம் செய்தார். 1898-இல் இருவரும் சேர்ந்து இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று ரேடியம். இன்னொன்றுக்கு, உலகப் படத்திலேயே இல்லாத தன் நாட்டின் நினைவாகப் பொலோனியம் என்று பெயர் வைத்தார். 1903-இல் இயற்பியலுக்கும் 1911-இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1918-இல் போலந்து மறுபடி சுதந்திர நாடானது. 1932-இல் வார்சாவில் ரேடியம் நிறுவனம் திறந்தார்கள். அதற்கு மேரி ஒரு கிராம் ரேடியம் கொடுத்தார். அதன் முதல் இயக்குநர் யார் தெரியுமா? அக்கா ப்ரோன்யா! 1934 ஜூலை 4-ஆம் தேதி மேரி இறந்தார். பல வருஷம் கதிர்வீச்சிலேயே வேலை செய்ததால் வந்த ரத்த நோய்தான் காரணம் என்கிறார்கள்.

படிக்க ஆரம்பித்தபோது நானும் மேரி மாதிரி வரணும்னு நினைச்சேன். முடிக்கும்போதுதான் புரிஞ்சது, எங்க வீட்டில் மேரி நான் இல்லை. எங்க அக்கா பத்தாவது முடிச்சதும் மில்லுக்குப் போகுது. என் நோட்டு, பஸ் காசு, யூனிஃபார்ம் தையல் கூலி எல்லாம் அக்கா சம்பளம். என்னைவிட நல்லா கணக்குப் போடும். நான் ப்ரோன்யா இடத்தில் இருக்கேன். ப்ரோன்யா மாதிரி நானும் வாக்குத் தவறக் கூடாது.

ஷிப்டு முடிஞ்சு வந்த அக்காகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுட்டுப் பேசாம படுத்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, அந்தம்மா காலேஜில் சேரும்போது என்ன வயசுன்னு கேட்டுச்சு. கிட்டத்தட்ட 24 என்று சொன்னேன்.

எங்க அக்காவுக்கு இப்போ 18தான் ஆகுது.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி