தொழிலாளி கைக்கு வந்த வெர்னியர்

ஒர்க்‌ஷாப்பில் தினமும் வெர்னியர் காலிப்பரை எடுக்கிறோம், அளக்கிறோம், போடுகிறோம். அது நம்ம கைக்கு வந்த கதை தெரியுமா?

பியர் வெர்னியர் 1631-லேயே அளவு முறையை வெளியிட்டுவிட்டார். ஆனால் கருவி சாதாரணத் தொழிலாளிக்கு எட்ட 220 வருஷம் ஆச்சு. எட்ட வைத்தவர் ஜோசப் பிரவுன். 1810-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிறந்தவர். 1833-ல் அப்பாவோடு பிராவிடன்ஸ் நகரில் கடிகாரக் கடை வைத்தார். அளவுகோலில் கோடு போடவே 1850-ல் தானியங்கி மெஷின் செய்தார். அடுத்த ஆண்டே, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு காட்டும் வெர்னியர், ஃபிட்டர் வாங்கக்கூடிய விலைக்கு வந்தது. 1876-ல் மறைந்தார்.

விலை மலிவாகலாம்; அளவு மலிவாகக் கூடாது. இதுதான் அவர் வாழ்க்கை. அளக்கும் முன்னே தாடைகளைச் சேர்த்து, ஜீரோ சரியான்னு பாருங்க!