மிக்கி தாம்சன்

மிக்கி தாம்சன் (டிசம்பர் 7, 1928 – மார்ச் 16, 1988) அமெரிக்கத் தானுந்துப் பந்தய ஓட்டுநரும், பந்தய ஊர்தி வடிவமைப்பாளரும், பந்தய ஒழுங்கமைப்பாளரும் ஆவார். மரியன் லீ தாம்சன் என்பது இவரது இயற்பெயர். டிராக் பந்தயத்தில் "கவண்" வகை ஊர்தியை அறிமுகப்படுத்தியவராகப் பரவலாக அறியப்படுகிறார். மணிக்கு 400 மைல் வேகத்தைத் தரையில் கடந்த முதல் அமெரிக்கரும் இவரே. முறையான பொறியியல் பட்டம் பெறாத இவர், தம் கையால் வெட்டியும் பற்றவைத்தும் உருவாக்கிய ஊர்திகள் மூலம் பந்தய ஊர்தி வடிவமைப்பின் போக்கை மாற்றினார்.

இளமை

தாம்சன் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள அல்ஹாம்ப்ரா நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தெற்குக் கலிபோர்னியாவில் பழைய கார்களை மலிவாக வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றி, பொறியை வலுப்படுத்தி ஓட்டும் வழக்கம் இளைஞர்களிடையே பரவியிருந்தது. இத்தகைய கார்கள் ஹாட் ராட் எனப்பட்டன. தாம்சனும் இளம் வயதிலேயே இதில் ஈடுபட்டார். இருபதுகளின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நாளிதழின் அச்சுக்கூடத்தில் பணியாற்றிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் தம் ஊர்திகளை உருவாக்கி வந்தார்.

டிராக் பந்தயம்

டிராக் பந்தயம் என்பது நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்கோட்டில் கால் மைல் தொலைவை (ஏறத்தாழ 402 மீட்டர்) யார் முதலில் கடக்கிறார் என்று பார்க்கும் போட்டியாகும். வளைவுகள் இல்லாததால் இதில் உச்ச வேகத்தை விட முடுக்கமே முதன்மையானது. 1951இல் தொடங்கப்பட்ட தேசிய ஹாட் ராட் சங்கம் இவ்விளையாட்டைப் பொதுச் சாலைகளிலிருந்து விலக்கி, விதிகளுக்கு உட்பட்ட ஓடுபாதைகளுக்குக் கொண்டு வந்தது.

1955இல் கலிபோர்னியாவின் வில்மிங்டன் பகுதியில் லயன்ஸ் டிராக் ஓடுபாதை திறக்கப்பட்டபோது, அதன் முதல் மேலாளராகத் தாம்சன் பொறுப்பேற்றார். தெருக்களில் நடந்த ஆபத்தான பந்தயங்களுக்கு மாற்றாக அமைந்த இவ்வோடுபாதை 1972 வரை இயங்கியது.

கவண் வகை ஊர்தி

1950களின் தொடக்கத்தில் டிராக் ஊர்திகளின் பெருங்குறை ஆற்றல் போதாமை அன்று. அவ்வாற்றலைத் தரைக்குக் கடத்த இயலாமையே ஆகும். அக்காலச் சக்கரங்கள் குறுகலானவை. பொறியின் திருப்புவிசை கூடக் கூட, பின்சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழன்று புகையை எழுப்பினவே தவிர, ஊர்தி அதே அளவிற்கு முன்னேறவில்லை.

சக்கரத்திற்கும் தரைக்கும் இடையிலான உராய்வு, அச்சக்கரத்தின் மீது அழுந்தும் எடையைப் பொறுத்தது. எனவே ஊர்தியின் எடையை எவ்வளவு பின்னோக்கி நகர்த்த முடியுமோ அவ்வளவு நகர்த்துவதே தாம்சன் கண்ட தீர்வாகும். பொறியைப் பின் அச்சுக்கு அருகில் தள்ளி வைத்தார். அதனால் இடம் இழந்த ஓட்டுநர் இருக்கையைப் பின் அச்சுக்கும் அப்பால் அமைத்தார். ஓட்டுநரின் கால்கள் அச்சின் மேலாக முன்னோக்கி நீண்டிருந்தன. கவணில் வைத்த கல்லைப் போல ஓட்டுநர் ஊர்தியின் கடைக்கோடியில் அமர்ந்திருந்ததால் இவ்வகைக்குக் கவண் என்று பொருள்படும் "ஸ்லிங்ஷாட்" என்ற பெயர் நிலைத்தது.

இவ்வமைப்பின் பயனை எளிய கணக்கு ஒன்றால் விளக்கலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் இடைவெளி கொண்ட ஓர் ஊர்தியைக் கருதுவோம். 75 கிலோகிராம் எடையுள்ள ஓட்டுநர் இரு அச்சுகளுக்கும் நடுவில் அமர்ந்தால், அவர் எடையில் பாதி மட்டுமே (37.5 கிலோகிராம்) பின்சக்கரங்களைச் சேரும். அவரே பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் அமர்ந்தால், நெம்புகோல் விதிப்படி பின்சக்கரங்களின் மீதான சுமை 90 கிலோகிராம் கூடும். முன்சக்கரங்களின் சுமை 15 கிலோகிராம் குறையும். எடை எதையும் புதிதாகச் சேர்க்காமலேயே பிடிப்பு அதிகரிக்கிறது.

தாம்சனின் ஊர்தி 1955இல் கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில் நடைபெற்ற, தேசிய ஹாட் ராட் சங்கத்தின் முதல் தேசியப் போட்டியில் பங்கேற்றது. ஓட்டுநரை அச்சுக்குப் பின்னால் அமர்த்தும் எண்ணம் வேறு சிலரிடமும் அக்காலத்தில் உருவாகி வந்ததெனினும், அதை முழுமையான வடிவமாக்கிய பெருமை பெரும்பாலும் இவருக்கே அளிக்கப்படுகிறது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு உயர்நிலை டிராக் ஊர்திகள் ஏறத்தாழ அனைத்தும் இவ்வடிவத்தையே பின்பற்றின.

குழாய்ச் சட்டகம்

இவ்வடிவத்திற்குப் பயணிகள் காரின் சட்டகம் பொருந்தாது. ஆகவே கவண் வகை பரவியதோடு எஃகுக் குழாய்களால் சட்டகம் அமைக்கும் முறையும் பரவியது. ஒரே எடையுள்ள திண்மக் கம்பியையும் உள்ளீடற்ற குழாயையும் ஒப்பிட்டால், குழாயில் உலோகம் மையத்திலிருந்து விலகி இருப்பதால் அது வளைவையும் முறுக்கத்தையும் கூடுதலாகத் தாங்கும். இரண்டு நீண்ட குழாய்களை இணையாக வைத்து, குறுக்குக் குழாய்களால் இணைத்து, இடையே மூலைவிட்டமாகக் குழாய்களைப் பொருத்தும்போது முக்கோணங்கள் உருவாகின்றன. நாற்கரம் மூலைகளில் சாய்ந்து உருமாறும்; முக்கோணமோ அதன் பக்கங்களின் நீளம் மாறாதவரை உருமாறாது.

வீட்டுப் பட்டறையில் இத்தகைய சட்டகத்தை உருவாக்குவோர், முதலில் சமமான மேசை ஒன்றின் மீது குழாய்களை அளவு பிசகாமல் நிலைநிறுத்துவர். ஒரு குழாயின் முனையை மற்றக் குழாயின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து, இடைவெளியின்றிப் பொருத்த வேண்டும். பின்னர் எல்லா மூட்டுகளையும் சிறு புள்ளிகளாக மட்டும் பற்றவைத்து, அளவுகளை மீண்டும் சரிபார்த்த பின்னரே முழுமையாகப் பற்றவைப்பர். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கிக் குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே ஒரு பக்கத்தை முழுதும் முடிக்காமல், இடமும் வலமும் மாறி மாறிப் பற்றவைப்பது வழக்கம். இதில் கவனம் குறைந்தால் சட்டகம் கோணி, ஊர்தி நேராக ஓட மறுக்கும். ஊர்தி கவிழ்ந்தால் ஓட்டுநரின் உயிரைக் காப்பதும் இதே சட்டகத்தின் பகுதியான, அவர் தலைக்கு மேல் வளையும் குழாய்க் கூண்டுதான்.

சேலஞ்சர் 1

அடுத்து தாம்சன் தரைவேகச் சாதனையில் கவனம் செலுத்தினார். அப்போதைய உலகச் சாதனை, பிரித்தானியரான ஜான் காப் 1947இல் ஏற்படுத்திய மணிக்கு 394 மைல் (634 கிலோமீட்டர்) ஆகும். அதை முறியடிக்கத் தாம்சன் உருவாக்கிய சேலஞ்சர் 1 என்னும் ஊர்தியில் நான்கு பான்டியாக் வி8 பொறிகள் பொருத்தப்பட்டிருந்தன. நான்கு சக்கரங்களும் இயக்கப்பட்டன.

1960 செப்டம்பர் 9 அன்று யூட்டா மாநிலத்தின் பொன்னவில் உப்புச் சமவெளியில் இவ்வூர்தி மணிக்கு 406.60 மைல் (654.36 கிலோமீட்டர்) வேகத்தை எட்டியது. ஆனால் உலகச் சாதனையாக ஏற்கப்பட, ஒரு மணி நேரத்திற்குள் எதிர்த்திசையிலும் ஓடி, இரண்டின் சராசரியைக் காட்ட வேண்டும். திரும்பும் ஓட்டத்தில் இயக்கத் தண்டு உடைந்ததால் அது நிறைவேறவில்லை. காப்பின் வேகத்தை விஞ்சியும், சாதனைப் பட்டியலில் தாம்சனின் பெயர் இடம்பெறாமல் போனது. எனினும் தம் சொந்த முயற்சியில் ஊர்தி உருவாக்கிய ஒருவர் இவ்வேகத்தை எட்டியது அவருக்குப் பெரும் புகழைத் தந்தது.

இண்டியானாபொலிஸ்

1962இல் தாம்சன் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் இறங்கினார். அப்போது அங்கு பொறியை முன்னால் கொண்ட ஊர்திகளே கோலோச்சின. தாம்சனின் அணியோ, பிரித்தானியரான ஜான் கிராஸ்த்வெயிட் வடிவமைத்த, பின்புறம் பியூக் வி8 பொறி பொருத்திய ஊர்தியைக் கொண்டு வந்தது. டான் கர்னி அதில் எட்டாம் இடத்தில் தகுதி பெற்றார். ஆயினும் 92 சுற்றுகளுக்குப் பின் இயந்திரக் கோளாறால் விலக நேர்ந்தது. பின்பொறி ஊர்தி இப்பந்தயத்தில் முதன்முறையாக வென்றது 1965இல், ஜிம் கிளார்க் ஓட்டிய லோட்டஸ் மூலம் ஆகும். அம்மாற்றத்தை முன்னரே உணர்ந்த அமெரிக்கர்களுள் தாம்சனும் ஒருவர்.

1963இல் இவரது அணி 12 அங்குலச் சக்கர வளையங்களும் அகன்ற, தட்டையான டயர்களும் கொண்ட தாழ்ந்த ஊர்திகளைக் கொண்டு வந்தது. பின்னர் விதிகள் மாற்றப்பட்டுப் பெரிய சக்கரங்கள் கட்டாயமாக்கப்பட்டதால், 1964இல் இவ்வூர்திகள் திருத்தியமைக்கப்பட்டன. அவற்றைக் கட்டுப்படுத்துவது கடினம் என்ற கருத்து பந்தயத்திற்கு முன்பே நிலவியது.

1964 மே 30 அன்று பந்தயத்தின் இரண்டாம் சுற்றில், தாம்சனின் ஊர்தியை ஓட்டிய டேவ் மெக்டொனால்ட் கட்டுப்பாட்டை இழந்து உட்புறச் சுவரில் மோதினார். தீப்பற்றிய ஊர்தி மீண்டும் ஓடுபாதையின் குறுக்கே சறுக்கி வந்தது; பின்னால் வந்த எடி சாக்ஸ் அதன் மீது மோதினார். இருவரும் உயிரிழந்தனர். விபத்தின் காரணமாக இப்பந்தயம் இடைநிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. இதன் பின்னர் எரிபொருள் தொடர்பான விதிகள் மாற்றப்பட்டன. பெட்ரோலின் இடத்தை மெத்தனால் பிடித்தது. புதுமைகளை விரைந்து களமிறக்கும் தாம்சனின் இயல்பு அவருக்குப் பெருமை சேர்த்தது போலவே, இந்நிகழ்வை ஒட்டிக் கடும் திறனாய்வுக்கும் உள்ளானது.

பிற்காலப் பணிகள்

தாம்சன் 1963இல் தம் பெயரில் பந்தய டயர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1969இல் டானி ஓங்கைஸ் ஓட்டிய, தாம்சனுக்குச் சொந்தமான மஸ்டாங் ஃபன்னி கார் தேசிய ஹாட் ராட் சங்கத்தின் பெரிய போட்டிகளில் வென்றது. வெளித்தோற்றத்தில் மஸ்டாங் போன்ற உடலும், உள்ளே டிராக் ஊர்திகளை ஒத்த குழாய்ச் சட்டகமும் கொண்டிருந்த இக்கார், அவ்வகையின் பிற்கால வடிவமைப்பில் செல்வாக்குச் செலுத்தியது.

1973இல் பாலைவனப் பந்தயங்களுக்கான ஸ்கோர் இன்டர்நேஷனல் அமைப்பை நிறுவினார். 1979 முதல், தொலைதூரப் பாலைவனத்தில் நடந்த கரடுமுரடான பந்தயத்தை விளையாட்டரங்குகளுக்குள் கொண்டு வந்து, பொதுமக்கள் இருக்கையில் அமர்ந்தபடியே காண வழி செய்தார்.

கவண் வடிவத்தின் முடிவு

கவண் வகை ஊர்தியின் வலிமையே அதன் ஆபத்தாகவும் இருந்தது. பொறி, உரசிணைப்பி, பல்சக்கரப்பெட்டி ஆகிய யாவும் ஓட்டுநரின் முன்னால் இருந்தன. பொறி வெடித்தால் எண்ணெயும் தீயும் அவர் முகத்தை நோக்கியே வந்தன. 1970 மார்ச் 8 அன்று, தாம்சன் ஒரு காலத்தில் மேலாண்மை செய்த அதே லயன்ஸ் ஓடுபாதையில், டான் கார்லிட்ஸ் என்னும் ஓட்டுநரின் ஊர்தியில் பல்சக்கரப்பெட்டி வெடித்து, அவரது வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டிக்கப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபோதே பொறியை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் ஊர்தியைத் திட்டமிடத் தொடங்கிய கார்லிட்ஸ், 1971இல் அதைக் கொண்டு வெற்றி பெற்றார். சில ஆண்டுகளுக்குள் கவண் வடிவம் உயர்நிலைப் போட்டிகளிலிருந்து மறைந்தது.

இறப்பு

1988 மார்ச் 16 காலை, கலிபோர்னியாவின் பிராட்பரி நகரில் தம் வீட்டின் முன்பு தாம்சனும் அவரது மனைவி ட்ரூடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளிகள் இருவரும் மிதிவண்டிகளில் தப்பிச் சென்றனர். வழக்கு பல ஆண்டுகள் துலங்காமல் இருந்தது. தாம்சனின் முன்னாள் வணிகக் கூட்டாளியும், அவருடன் நீதிமன்ற வழக்கில் தோற்றவருமான மைக்கேல் குட்வின், இக்கொலைகளுக்கு ஏற்பாடு செய்தமைக்காக 2007 சனவரியில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவருக்குப் பரோலில் விடுதலையாகும் வாய்ப்பற்ற இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சுட்டவர்கள் யார் என்பது அவ்விசாரணையிலும் வெளிப்படவில்லை.

நினைவு

1990இல் தாம்சனின் பெயர் அமெரிக்க மோட்டார் விளையாட்டுப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது. 1968இல் சாதனை முயற்சிக்காக அவர் உருவாக்கிய சேலஞ்சர் 2 என்னும் ஊர்தி, பல பத்தாண்டுகள் ஓடாமல் கிடந்தது. அவருடைய மகன் டானி தாம்சன் அதைச் சீரமைத்து, 2018 ஆகத்தில் பொன்னவில் உப்புச் சமவெளியில் ஓட்டினார். இருமுறை ஓட்டங்களின் சராசரியாக மணிக்கு 448.757 மைல் (722.2 கிலோமீட்டர்) வேகம் பதிவாகியது. 1960இல் தந்தைக்குக் கைகூடாத இரண்டாவது ஓட்டம், 58 ஆண்டுகளுக்குப் பின் அதே உப்புத் தரையில் மகனால் நிறைவு செய்யப்பட்டது.